நாடகப் பேராசிரியருக்குக் கணினியில் என்ன வேலை?

சென்னையில் கலை நிகழ்ச்சி அழைப்பிதழ்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வகை அறிமுகக் குறிப்பு பழகியிருக்கும்: நாடக ஆய்வாளர், கல்லூரி ஆசிரியர், டிஜிட்டல் கலைஞர். போய்ப் பார்த்தால் நாடகம் என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படாது. இருட்டறை, ஒரு புரொஜெக்டர், தரையில் கறுப்பு டேப் போட்டு ஒட்டிய வயர்கள். ஒருவர் கையைத் தூக்கினால் சுவரில் இருக்கும் கோடுகள் கலைகின்றன. ஓரத்தில் மடிக்கணினியோடு மூன்று மாணவர்கள் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. வெளியே வரும்போது இரண்டு கேள்விகள் எழும். இது நாடகமா? நாடகம் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் ஏன் இதைச் செய்கிறார்?

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் முதல் கேள்வி அவ்வளவு பெரிதாகத் தெரியாது. எனவே அதிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் சில சொற்கள்

1. நாடக ஆய்வாளர்: நாடகப் பிரதியைப் படித்து விளக்குகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிரதி அதில் ஒரு பகுதிதான். நடிகர் எப்போது உள்ளே வருகிறார், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார், பார்ப்பவர் கண் எங்கே போகிறது, வசனத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் மௌனம் என்பதெல்லாம் அவருடைய பாடம்.

2. ஊடாட்டம்: பார்ப்பவரோ நிகழ்த்துபவரோ ஏதாவது செய்தால் அதற்குக் கணினி பதில் செய்வது. முன்பே பதிவுசெய்த வீடியோவைப் பின்னால் ஓடவிட்டு முன்னால் ஆடினால் அது ஊடாட்டம் ஆகாது. நம் ஊரில் இந்த இரண்டும் ஒரே பெயரில் விளம்பரமாகின்றன.

3. அசைவுப் பதிவு: உடம்பின் மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்பதைக் கேமரா மூலம் எண்களாக மாற்றுவது. முன்பு இதற்குத் தனி உடையும் ஸ்டூடியோவும் வேண்டும். இப்போது இலவசமாகக் கிடைக்கும் மீடியாபைப் போன்ற மென்பொருள், சாதாரண வெப்கேமை வைத்தே உடம்பில் 33 புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது.

4. தாமதம்: கை அசைந்ததற்கும் சுவரில் படம் அசைந்ததற்கும் இடையே போகும் நேரம். மற்ற மூன்றைவிட இதுதான் முக்கியம். பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

விளக்கும் திரையும் பழைய சங்கதி

மேடைக்குத் தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்து புகுந்துவிட்டது என்ற வருத்தம் நாடகக்காரர்களிடையே உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டினால் அந்த வருத்தம் கொஞ்சம் குறையும். மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு சொல்லும் அந்தப் பகுதி, தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகளையும் பட்டியலிடுகிறது. புரொஜெக்டரை எங்கே மாட்டினால் நடிகரின் நிழல் படத்தின் மேல் விழாது என்று இன்றைக்கு ஏணி மேல் நின்று யோசிக்கும் மாணவர் அதே கணக்கைத்தான் போடுகிறார்.

தோல்பாவைக் கூத்தில் திரையும் பின்விளக்கும்தான் மேடை. ஆர்.எஸ். மனோகரின் நாடகங்களுக்குக் கூட்டம் திரண்டதற்கு அவருடைய தந்திரக் காட்சிகளும் ஒரு காரணம்.

ஐரோப்பாவிலும் இது இப்படித்தான் படிப்படியாக வந்தது. எர்வின் பிஸ்காட்டர் 1920களில் பெர்லின் மேடையில் செய்திப்படத் துண்டுகளை ஓட்டினார். செக் நாட்டு மேடை வடிவமைப்பாளர் ஜோசப் ஸ்வபோதாவும் அவர் கூட்டாளிகளும் 1958ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் நேரடி நடிகர்களையும் படச்சுருளையும் ஒரே காட்சியில் இணைத்துக் காட்டினார்கள். 1966 அக்டோபரில் நியூயார்க்கில் பத்துக் கலைஞர்களும் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த முப்பது பொறியாளர்கள் வரையிலும் சேர்ந்து ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். கருவிகள் பல இரவுகளில் மக்கர் செய்தன. கலைஞரும் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போடும் பழக்கம் அங்கேதான் ஊன்றியது.

மேடையிலிருந்து கணினிக்குப் போன இருவர்

இந்தத் தொழில்பாதை எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு பேரைப் பார்த்தால் போதும்.

முதலாமவர் பிரெண்டா லாரல். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். படித்துக்கொண்டிருந்தபோதே வீடியோ கேம் தொழிலுக்குள் நுழைந்துவிட்டார். அட்டாரி நிறுவனத்திலும் வேலை பார்த்தார். 1991ல் வெளியான அவருடைய நூல் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டது. கணினித் திரையை எல்லாரும் கருவியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதை மேடையாகப் பார்க்கச் சொன்னார் லாரல். கதையோட்டம், பாத்திரம், கருத்து, மொழி, இசை, காட்சி என்று அரிஸ்டாட்டில் நாடகத்துக்குச் சொன்ன ஆறு உறுப்புகளைக் கொண்டு ஒரு மென்பொருளை எடைபோடலாம் என்பது அவர் வாதம்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் கனடாவின் பான்ஃப் கலை மையத்தில் ரேச்சல் ஸ்ட்ரிக்லண்டுடன் சேர்ந்து ஒரு மெய்நிகர் படைப்பைச் செய்தார். உள்ளே போகும் இருவர் சிலந்தி, பாம்பு, மீன், காகம் ஆகிய உருவங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு உலவலாம். உருவத்துக்கு ஏற்றபடி குரலும் மாறும். தடுமாறுகிறவர்களிடம் பேச்சுக்கொடுத்து வழிநடத்த ஒரு தேவதையின் குரலும் உண்டு. அந்தக் குரலுக்கு உரியவர் வெளியே இருந்து அப்போதைக்கப்போது இட்டுக்கட்டிப் பேசிய ஒரு மனிதர். தெருக்கூத்து பார்த்தவர்கள் அந்தத் தேவதையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்: கட்டியங்காரன். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு கால் வைத்து, பார்ப்பவருக்குக் கைகொடுக்கிறவன். நாடகம் படித்த ஒருவர் கணினிக் குழுவில் இருந்ததால் கிடைத்த நன்மை இதுதான். ஆள் தடுமாறும் இடத்தில் அறிவிப்புப் பலகை வைப்பது பொறியாளர் வழக்கம். நாடகக்காரர் அங்கே ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். லாரல் பின்னாளில் கலிஃபோர்னியாவின் கலைக் கல்லூரிகளில் ஊடக வடிவமைப்பு கற்பித்தார்.

இரண்டாமவர் ஸ்டீவ் டிக்சன். இங்கிலாந்தில் நாடகம் கற்பித்துக்கொண்டே 1994ல் கமீலியன்ஸ் என்ற குழுவைத் தொடங்கி, நடிகர்களையும் அவர்களுடைய வீடியோப் பிம்பங்களையும் மோதவிட்டுப் பார்த்தார். தாம் செய்ததோடு மற்றவர்கள் செய்ததையும் விடாமல் பதிவுசெய்துவந்தார். 2007ல் வந்த அவருடைய நூல் இந்தத் துறையின் வரலாற்றை எண்ணூறு பக்கங்களுக்கு எழுதியது. 2012ல் சிங்கப்பூரின் லாசால் கலைக் கல்லூரிக்குத் தலைவரானார்.

இந்தியாவில் என்றால் மாயா கிருஷ்ண ராவ். கதகளியில் பயிற்சி பெற்றவர். தம் தனிநபர் நிகழ்த்துதல்கள் சிலவற்றில் கேமராவையும் திரையையும் சக நடிகர்களைப் போலப் பயன்படுத்தியிருக்கிறார். தில்லியில் ஆண்டுக்கணக்கில் கல்வி சார்ந்த நாடகம் கற்பித்திருக்கிறார்.

மூவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. யாரும் நாடகத்தை விட்டுவிட்டுக் கணினிக்குப் போகவில்லை. வகுப்பில் கேட்ட கேள்வியைக் கருவியிடம் கேட்டார்கள். கருவியிடம் கிடைத்த பதிலைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

வகுப்பறைதான் பட்டறை

இந்தச் சோதனைகள் ஏன் கல்லூரிகளிலேயே நடக்கின்றன? முதல் காரணம் காசு. வெளியே ஒரு நாடகக் குழு ஒத்திகைக்கு வாடகை இடம் பிடித்து, புரொஜெக்டரை நாள் வாடகைக்கு எடுத்து, ஒரு நாள் முழுவதும் 'வரவில்லை' என்று உட்கார்ந்திருக்க முடியாது. கல்லூரியில் தோற்றுப்போனால் அதற்குப் பெயர் பயிற்சி.

இன்னொரு காரணத்தை ஒரு வகுப்பின் உள்ளே போய்ப் பார்த்தால்தான் புரியும். ஒரு மாணவி நடனம் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்வோம். பரதநாட்டியத்தில் பாதத்தால் தரையைத் தட்டி ஆடும் தட்டடவு ஆடுகிறார், வெப்கேம் அவர் பாதத்தைக் கண்காணிக்கிறது, பாதம் தரையைத் தட்டும்போதெல்லாம் பின்சுவரில் ஒரு வட்டம் விரிய வேண்டும். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், அழகாக வருகிறது. வேகம் இரட்டிக்கும் இரண்டாம் காலத்தில் ஏதோ ஒட்டாததுபோல் இருக்கிறது. மூன்றாம் காலத்தில் குழப்பம். மென்பொருளில் கோளாறு என்று மாணவர்கள் தேடத் தொடங்குவார்கள். கோளாறு எதுவும் இல்லை, கணக்குத்தான் காரணம்.

1. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 33 மில்லி நொடி. அதைக் கணினி வாங்கி, உடம்பைக் கண்டுபிடித்து, வட்டம் வரைந்து, புரொஜெக்டருக்கு அனுப்பி, புரொஜெக்டர் அதைச் சுவரில் போடுவதற்குள் மொத்தத் தாமதம் 100 முதல் 150 மில்லி நொடி ஆவது சாதாரணம்.

2. தாளத்தட்டு நிமிடத்துக்கு 100 என்றால் ஒரு தட்டுக்கு 600 மில்லி நொடி. முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு பாத ஒலி. 150 மில்லி நொடித் தாமதத்தைக் கண் மன்னித்துவிடும்.

3. மூன்றாம் காலத்தில் ஒரு தட்டுக்கு நான்கு பாத ஒலி, அதாவது 150 மில்லி நொடிக்கு ஒன்று. முதல் அடிக்கான வட்டம் இரண்டாம் அடியின்போது விரிகிறது. ஆடுகிறவர் ஒரு அடி முன்னால், சுவர் ஒரு அடி பின்னால்.

பொறியாளர் என்ன செய்வார்? வேகமான கேமரா, வேகமான கணினி வாங்கித் தாமதத்தைக் குறைப்பார். அதுவும் சரிதான், பணம் இருந்தால். நாடக ஆசிரியர் வேறு விதமாக யோசிக்கலாம். கூத்தில் வேஷக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திரும்பப் பாடுவார்கள். அந்தத் தாமதத்தை யாரும் குறையாக நினைப்பதில்லை; வேஷக்காரர் மூச்சுவாங்குவதும் பார்ப்பவர் மனதில் அடி பதிவதும் அந்த இடைவெளியில்தான். சுவரைப் பின்பாட்டுக்காரராக வைத்துக்கொண்டால்? வட்டம் பாதத்தோடு விரிய வேண்டியதில்லை. நான்கு அடி முடிந்து பாதம் நின்றதும் சுவர் அந்த நான்கையும் திருப்பிச் சொல்லட்டும். கருவி அதே கருவி. அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு இப்போது அது தவறாகத் தெரியாது, பேச்சாகத் தெரியும். நாடகம் தெரிந்தவருக்குக் கணினியில் என்ன வேலை என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

வெளிச்சத்திலும் இதே கதை. வகுப்பறைப் புரொஜெக்டர் தரும் மொத்த வெளிச்சம் சுமார் 3,500 லூமென் என்று கொள்வோம். ஐந்து மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவில் படம் போட்டால் பரப்பு 15 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 233 லூமென், அதாவது 233 லக்ஸ் வருகிறது. நடிகர் முகம் தெரிவதற்குப் போடும் மேடை விளக்கு பல நூறு லக்ஸ், சில சமயம் ஆயிரத்துக்கு மேல். விளக்கைப் போட்டால் படம் வெளுத்துவிடும். அணைத்தால் முகம் போய்விடும். டிஜிட்டல் நிகழ்ச்சிகளில் நடிகர்கள் பெரும்பாலும் கறுப்பு நிழலாகவே நடமாடுவதற்கு அழகியல் காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. பாதிக்கு மேல் இந்த வகுத்தல் கணக்குத்தான். (வெள்ளை வேட்டி நல்ல திரை என்பதை ஒரு வாரத்தில் எந்த மாணவரும் கண்டுபிடித்துவிடுவார்.)

கூத்துக்காரரைக் கேமரா முன் நிறுத்தினால் இன்னொன்று தெரியவரும். அகன்ற புஜக்கட்டையும் உயர்ந்த கிரீடமும் விரிந்த பாவாடையும் சேர்ந்த உருவத்தில் தோள் எது, இடுப்பு எது என்று கண்டுபிடிக்க மென்பொருள் திணறுகிறது. சாதாரண உடையில் இருக்கும் உடம்புகளைப் பார்த்துப் பழகிய மென்பொருள் அது. 'மனித உடம்பு' என்று அது எதை நினைத்துக்கொண்டிருக்கிறது என்ற விவாதத்தை வகுப்பில் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகு, பார்க்கக் கிடைக்கும் நிகழ்ச்சிகளில் கணிசமானவை ஸ்கிரீன்சேவருக்கு முன்னால் ஒருவர் நடமாடுவதுபோல்தான் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மென்பொருளோடு வரும் ஆயத்த மாதிரிகளை அப்படியே ஓடவிடுவது அதற்கு ஒரு காரணம். ஆசிரியருக்கே கருவி புதிதாக இருப்பதால் மாணவர் காட்டும் எல்லாமே அவருக்கு வியப்பாக இருப்பது இன்னொரு காரணம்.

சென்னையில் இவர்களுக்கு எந்த நாற்காலி?

தமிழில் நாடகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகப் படிக்க வேண்டும் என்றால் முதலில் நினைவுக்கு வருபவை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளியும். இரண்டும் சென்னையில் இல்லை. சென்னையின் நாடக வாழ்க்கை பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வளர்ந்தது. 1891ல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் அதிகாரிகளும் மாலை நேரத்தில் நடித்தார்கள். 1977ல் ந. முத்துசாமி முதலியோர் தொடங்கிய கூத்துப்பட்டறை எந்தக் கல்லூரியின் துறையும் இல்லை. ஆனால் நடிகர் பயிற்சி என்பதை முழுநேர வேலையாக்கியது அதுதான்.

இதன் விளைவு, சென்னைக் கல்லூரிகளில் நாடக ஆய்வாளர் வேறு ஏதாவது துறையின் நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தபடியே பல பத்தாண்டுகள் நாடகங்களை இயக்கிய அ. மங்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டிஜிட்டல் பக்கம் போகிறவர்களுக்குக் காட்சித் தொடர்பியல் துறை, அதாவது விஸ்காம், இடம் கொடுக்கிறது. அங்கே கேமராவும் எடிட்டிங் கணினியும் ஏற்கெனவே இருக்கும். நாடகத்துக்கு வேண்டிய காலி அறைதான் இருக்காது.

நாற்காலி கிடைத்தாலும் பதவி உயர்வில் சிக்கல். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிமுறைகளில் ஆய்வுப் புள்ளிகளுக்கென்று ஓர் அட்டவணை உண்டு. மொழி, கலைப் புலங்களில் ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்குப் 10 புள்ளி. முழு இணையவழிப் படிப்பு ஒன்றை நான்கு கூறுகளோடும் (காணொளி, எழுத்துப் பாடம், விவாதம், மதிப்பீடு) உருவாக்கினால் 20. நூல், மொழிபெயர்ப்பு, காப்புரிமை, விருது எல்லாவற்றுக்கும் வரிகள் உண்டு. மேடையேற்றிய நாடகத்துக்கோ ஓர் அறையையே படைப்பாக்கும் நிறுவல் கலைப் படைப்புக்கோ அந்த அட்டவணையில் தனி வரி கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அதே விதிமுறைகள் நாடகத் துறையில் உதவிப் பேராசிரியராக நுழைவதற்கு மேடை அனுபவமுள்ள தொழில்முறைக் கலைஞர்களுக்குத் தனி வழி வைத்திருக்கின்றன. உள்ளே வரும்போது மேடை எண்ணப்படுகிறது. மேலே ஏறும்போது காகிதம் எண்ணப்படுகிறது.

ஆகவே ஆறு மாதம் உழைத்து ஒரு ஊடாட்டப் படைப்பைச் செய்த ஆசிரியர், அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால்தான் புள்ளி. படைப்பு எப்படி இருந்தது என்பதைக் கேட்க யாருமில்லை. படைப்பைவிட அதன் விவரணை நன்றாக இருப்பது இந்தத் துறையில் சகஜமானதற்கு இதுவும் காரணம்.

வேறு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக ஆய்வை மதிப்பிடும் இங்கிலாந்தின் தேசிய முறையில் நிகழ்த்துதலும் கண்காட்சியும் ஆய்வாகவே ஏற்கப்படுகின்றன; எந்தக் கேள்வியோடு தொடங்கினோம், எப்படிச் செய்தோம், புதிதாக என்ன தெரிந்தது என்று ஒரு சிறு குறிப்பைச் சேர்த்துக்கொடுக்க வேண்டும். இங்கே 2022ல் யூஜிசி கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் பதவி, முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கும் கதவைத் திறந்தது. ஆனால் 15 ஆண்டு அனுபவம் கேட்கிறது, அதிகபட்சம் நான்கு ஆண்டுதான் இருக்கலாம். நீண்ட காலம் ஒரே வகுப்பறையில் உழன்றால்தான் பலன் தரும் வேலைக்கு இது பொருந்தாது. 2025 ஜனவரியில் வெளியான வரைவு விதிமுறைகள் புள்ளிக் கணக்கைக் கைவிடுவது பற்றிப் பேசின. தமிழ்நாட்டில் அந்த வரைவு துணைவேந்தர் நியமனச் சர்ச்சையாகவே விவாதிக்கப்பட்டது. சட்டமன்றத்தில் எதிர்த் தீர்மானமும் நிறைவேறியது. அந்தச் சத்தத்தில் கலை ஆசிரியர்களின் புள்ளிக் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

எது மிஞ்சுகிறது

கூத்து வாய்மொழிக் கலை, அழிந்துவிடும்; டிஜிட்டலில் போட்டால் நிலைக்கும் என்று பேசுவது வழக்கம். அனுபவம் நேர்மாறாக இருக்கிறது. 2010ல் வந்த மைக்ரோசாஃப்ட் கினெக்ட் கேமராவை நம்பி உலகமெங்கும் மேடைப் படைப்புகள் உருவாயின; 2017ல் அதன் உற்பத்தி நின்றது. ஃபிளாஷ் மென்பொருளில் செய்த ஊடாட்டப் படைப்புகள் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு ஆதரவற்றுப்போயின. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக உடம்பிலிருந்து உடம்புக்குக் கைமாறிய அடவுகள் இன்றும் ஆடப்படுகின்றன. பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி அறையில் ஓடிய படைப்பை இன்று திறக்க முடிவதில்லை.

இதை உணர்ந்த ஆசிரியர்கள் மென்பொருள் கோப்போடு மூன்றைச் சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள். ஒன்று, அறையின் அளவு, புரொஜெக்டர் உயரம், கேமரா கோணம் ஆகியவற்றைக் கையால் வரைந்த படம். இரண்டு, எது நடந்தால் எது நடக்க வேண்டும் என்று சாதாரணத் தமிழில் எழுதிய பட்டியல். எந்தக் கருவி வந்தாலும் அதை வைத்து மறுபடி கட்டிவிடலாம். மூன்று, அடுத்த ஆண்டு மாணவர் ஒருவருக்கு அதை ஆடக் கற்றுக்கொடுப்பது. மூன்றாவது, கூத்து வாத்தியார் செய்வதேதான்.

முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதற்கெல்லாம் இடம் உண்டா என்றால், உண்டு. திருவல்லிக்கேணிப் பக்கத்து பைண்டிங் கடையில் ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்து அடித்து, பின்னட்டையின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டித் தருவார்கள். படைப்பை குறுந்தகடாக அதற்குள் செருக வேண்டும். வாய்மொழித் தேர்வு அன்று அதை எடுத்துப் போட்டுப் பார்க்க, மேசை மேல் இருக்கும் மடிக்கணினியில் தகடு போடும் இடம் இருக்காது.